அவள் தட்டினாள், இவள் விட்டாள்

பிடித்தால் விடமாட்டாள் என்பதற்காகத்தான் அவளுக்கு உடும்பு என்று பெயர் வைத்தார்கள். பயிற்சிக் கூடத்தில் வைத்த பெயர் வேலை செய்யும் இடத்துக்குப் பரவி, கடைசியில் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. அதே ஆட்கள்தான் இப்போது அவள் விட்டுவிட்டாள் என்று திட்டினார்கள். எப்போது விட்டாள், எதற்காக விட்டாள் என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

உடும்புக்கு முப்பத்தொரு வயது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் பதினோரு வருடமாக வேலை. வார்டுகளிலிருந்து வரும் விரிப்புகளை முதலில் உதறிப் பார்க்க வேண்டும். மூக்குக் கண்ணாடி, பல்செட், தெர்மாமீட்டர், ஒருமுறை பேசிக்கொண்டே இருந்த ஒரு செல்போன் என்று எல்லாம் அதற்குள் இருந்து விழும். பிறகு இயந்திரத்தில் போட வேண்டும். வெளியே வரும்போது நாற்பது விரிப்புகளும் முறுக்கிய ஈரக் கயிறு மாதிரி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருக்கும். அவற்றைப் பிரித்து, சூட்டு உருளைக்குள் நேராகச் செலுத்தி, மறுபுறம் நிற்பவளோடு சேர்ந்து நான்காக மடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு எழுநூறு விரிப்பு. கை வலுவாகத்தான் இருக்கும். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, அங்கே எல்லாருக்கும் கை வலுவாகத்தான் இருந்தது.

மாலையில் ஜியு ஜிட்சு. பத்தொன்பது வயதில் உடம்பு இளைக்க என்று போனவள், உடம்பு இளைக்காமலே பன்னிரண்டு வருடம் தங்கிவிட்டாள். அதில் குத்து, உதை எதுவும் கிடையாது. எதிராளியைத் தரைக்குக் கொண்டுவந்து கையையோ காலையோ பூட்ட வேண்டும், அல்லது கழுத்தை நெருக்க வேண்டும். இனி தாங்காது என்றால் எதிராளி உள்ளங்கையால் இரண்டு மூன்று முறை தட்டுவார். தட்டிய நொடியில் விட்டுவிட வேண்டும். விட்டதும் இருவரும் கைகொடுத்துக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பார்கள்.

வெளியாட்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் அந்தக் கூடம் மொத்தமும் அந்தத் தட்டலின் மேல்தான் நின்றது. முழங்கையை ஒடிக்கிற வித்தையை முழங்கை ஒடியாமல் தினமும் பழக வேறு வழியே இல்லை. பகல் முழுவதும் வீடு வீடாகக் கடிதம் கொடுக்கும் ஒரு தபால்காரர், மாலையில் சலவைக்காரி ஒருத்தியின் கைக்குள் தன் கழுத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக மூச்சு விடுகிறார் என்றால், தட்டினால் அவள் விடுவாள் என்று அவருக்குத் தெரியும். அதற்குக் கையெழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது.

நாடு தழுவிய போட்டியில் அவளுடைய எடைப் பிரிவில் இரண்டு முறை முதலிடம் வாங்கினாள். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் போட்டியாளர்களின் சொந்தக்காரர்கள். மீதிப் பாதி, தங்கள் முறைக்குக் காத்திருந்த போட்டியாளர்கள். பதக்கத்தை வேலைக்கு எடுத்துப் போனபோது விரிப்பின் மறுமுனையைப் பிடிப்பவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"எல்லாம் சரி. நிஜமா ஒருத்தன் மூக்குல குத்தினா உன் வித்தை செல்லுமா?"

பன்னிரண்டு வருடமாக இந்தக் கேள்வி அவளைத் துரத்தியது. அத்தான் கேட்பார், பல் டாக்டர் கேட்டார், வாடகைக்கு வீடு காட்ட வந்தவர்கூடக் கேட்டார். அவளுக்கும் விடை தெரியாது. அதனால்தான் ஒரு சண்டை அமைப்பாளர் கூப்பிட்டபோது போனாள்.

அவர் நடத்துவது எம்.எம்.ஏ. குத்து, உதை, பிடி எல்லாம் கலந்த கூண்டுச் சண்டை. டயர் கடைக்கு மேலே அவருடைய அலுவலகம், உள்ளே எப்போதும் ரப்பர் வாடை. எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்க சாம்பியன். உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் தேடிக்கிட்டிருந்தோம். மூணு சண்டை. முதல்ல ஜெயிச்சுட்டீங்கன்னா அடுத்த ரெண்டும் உறுதி. தோத்தா, என் விருப்பம்."

மூன்று சண்டை. கேள்விக்கு விடை தெரிய அது போதும் என்று அவள் நினைத்தாள்.

அக்கா வீட்டில்தான் அவள் இருந்தாள். இரண்டு அறை, ஒரு தையல் இயந்திரம், அக்கா, பஸ் ஓட்டும் அத்தான். செய்தி கேட்டதும் அக்கா ஊசியில் நூல் கோப்பதை நிறுத்தவில்லை.

"நம்ம குடும்பத்துல மூக்கு ஒண்ணுதான் எல்லாருக்கும் நல்லா வந்திருக்கு. அதையும் கொண்டுபோய் அவங்ககிட்ட குடுத்துட்டு வா."

"விடு" என்றார் அத்தான். "குனிஞ்சு காலைப் பிடிச்சான்னா அவ்வளவுதான். எதிராளி கதை முடிஞ்சுது."

"குனியும்போது முட்டியால முகத்துல விட்டா?"

அத்தான் கொஞ்சம் யோசித்தார். "அதுக்குள்ள பிடிச்சுடணும்."

கூடத்தில் எல்லாரும் மாஸ்டர் என்று கூப்பிடும் பயிற்சியாளர் நான்கு மாதம் அவளுக்கு அடி வாங்கக் கற்றுக்கொடுத்தார். அடிக்கக் கற்றுக்கொள்வதைவிட அது கஷ்டம். மூக்கில் விழுந்தால் கண்ணில் தண்ணீர் வரும், அது அழுகை இல்லை என்று கண்ணுக்குப் புரியவைக்க ஒரு மாதம் ஆனது. குத்துகளுக்கு அடியில் புகுந்து எதிராளியைக் கீழே இழுக்கும் வழியை மாஸ்டர் நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தார். ஒன்றை மட்டும் சொல்ல மறந்தார். கூடத்தில் சண்டையை முடிப்பது தட்டுகிற கை, கூண்டில் முடிப்பது நடுவரின் கை. அவர் வாழ்நாளெல்லாம் கூடத்தில் இருந்தவர். தட்டினால் முடிந்தது என்பதில் அவருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

சண்டை மதியம் மூன்று மணிக்கு. அன்றைய முதல் சண்டை என்பதால் பாதி நாற்காலி காலி. வந்தவர்கள் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். எதிராளி ஒரு செருப்புக் கடையில் வேலை செய்பவள். இரண்டு சண்டை ஜெயித்தவள், நல்ல வேகம். முதல் சுற்றில் உடும்பு நன்றாக வாங்கினாள். இரண்டாவதில் ஒரு குத்துக்கு அடியில் புகுந்து, இடுப்பைப் பிடித்து, கம்பி வலையோரம் அவளைச் சாய்த்தாள். கால்களை மார்பின் மேல் போட்டு இடது கையைப் பூட்டினாள். முழங்கை நேராக நீண்டது. சத்தமாக இருந்த அரங்கில் அவளுக்கு மட்டும் எல்லாம் அமைதியாகிவிட்டது. இது அவளுக்குத் தெரிந்த இடம்.

செருப்புக் கடைக்காரி வலது கையால் உடும்பின் தொடையில் மூன்று முறை தட்டினாள். அந்தக் கை வலைக்கும் உடும்பின் உடம்புக்கும் நடுவில் இருந்தது. நடுவர் தலைப்பக்கம் நின்றிருந்தார்.

உடும்பு விட்டாள்.

விட்டாள் என்றால் யோசித்து விட்டாள் என்றில்லை. சூடு பட்ட விரல் தானாகப் பின்வாங்குவது போல விட்டாள். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. எழுந்து, பன்னிரண்டு வருடப் பழக்கத்தில், எதிராளியைத் தூக்கிவிடக் கையையும் நீட்டினாள். செருப்புக் கடைக்காரி நடுவரைப் பார்த்தாள். நடுவர் தொடரலாம் என்று சைகை காட்டினார். அவள் கண் ஒருமுறை மூடித் திறந்தது. பிறகு அவள் துள்ளி எழ, நீட்டிய கைக்கு மேலாக வந்த குத்து உடும்பின் தாடையில் விழுந்தது. கீழே விழுந்தபின் இன்னும் நான்கு. அப்போது நடுவர் மிகச் சரியான இடத்தில் நின்றிருந்தார், உடனே தடுத்தார்.

ஒலிபெருக்கியில் வர்ணனை செய்தவர் சொன்னார்: "ஜியு ஜிட்சு சாம்பியனுக்குப் பிடிக்கத் தெரிகிறது, முடிக்கத் தெரியவில்லை." அந்த வாக்கியம் அவருக்கே பிடித்துப் போயிருக்க வேண்டும், மாலைக்குள் மூன்று முறை சொன்னார்.

மறுநாள் சலவைப் பிரிவில் விரிப்பின் மறுமுனையைப் பிடித்தவள், "இதையாவது விடாம பிடி" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். வீட்டில் அத்தான் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு, "அவ தட்டினதே தெரியலையே" என்றார்.

"என் தொடையில தட்டினா. என் தொடைக்குத் தெரியும்."

"உன் தொடையைச் சாட்சிக்குக் கூப்பிட முடியுமா?"

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் அக்கா. அந்த வாரம் முழுவதும் தங்கையின் வீங்கிய தாடைக்குப் பருப்பு மசித்துக் கொடுத்தவள் அவள்தான். மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

உடும்புக்குத் தோற்றது வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் தோல்விக்குள் இருந்த வேறொன்றுதான் அவளைத் தூங்கவிடவில்லை. ஒருத்தி வாக்குக் கொடுத்தாள், இன்னொருத்தி நம்பினாள். நம்பியவளைப் பார்த்து ஊரே ஏமாளி என்றது, கொடுத்தவளைப் பற்றி யாரும் பேசவில்லை. திருடனை விட்டுவிட்டு, கதவைப் பூட்டாமல் போனவனுக்கு அறிவுரை சொல்கிற கூட்டம். அறிவுரை தப்பில்லை, பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ஆனால் திருடனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

டயர் கடை மாடிக்குப் போனாள். அமைப்பாளர் இந்த முறை எழுந்திருக்கவில்லை. 'நீங்க' காணாமல் போயிருந்தது.

"வாம்மா. உட்காரு. விதியில என்ன எழுதியிருக்கு? நடுவர் நிறுத்தினாத்தான் முடியும். நீ ஏன் விட்டே?"

"தட்டினா சார்."

"கேமராவுல உன் முதுகுதான் தெரியுது. சரி, ஒண்ணு செய். அந்தப் பொண்ணே தட்டினேன்னு எழுதிக் குடுத்தா, முடிவை ரத்து பண்ணிடறேன். இல்லைன்னா தோல்வி தோல்விதான். உன்னை வெச்சுக்கறதா வேண்டாமான்னு அப்புறம் பார்க்கலாம்."

விதியைப் பற்றி அவர் சொன்னது சரிதான். அது சரியாக இருந்ததுதான் அவளுக்குக் கோபத்தை அதிகமாக்கியது.

சனிக்கிழமை மதியம் செருப்புக் கடைக்குப் போய், வாடிக்கையாளர் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தாள். கால் அளவெடுக்கும் பலகையோடு வந்து குனிந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்படியே நின்றாள். பிறகு, கல்லாப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மண்டியிட்டாள்.

"காலை வை. மேனேஜர் பார்க்கிறார்."

உடும்பு காலை வைத்தாள். "தட்டினியா இல்லையா?"

"ஏழாம் நம்பர்." ஒரு பெட்டியைத் திறந்து ஷூவை மாட்டிவிட்டாள். "தட்டினேன்."

மறுத்தால் அவளை எப்படி மடக்கலாம் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த கேள்விகள் அத்தனையும் வீணாகப் போயின.

"மூணு தரம்."

"நான் எண்ணலை. வலிச்சுது, தட்டினேன்."

"அப்புறம் ஏன் அடிச்சே?"

"நீ ஏன் விட்டே?"

"நீ தட்டினதாலதானே விட்டேன்!"

"மெதுவா பேசு. அவர் நிறுத்தலையே. நடுவர் கை மேல படற வரைக்கும் அடிச்சுக்கிட்டே இருன்னு எனக்கு முதல் நாளே சொல்லிக் குடுத்தாங்க. உங்க ஆள் உனக்குச் சொல்லலையா?"

"தட்டினா விடணும்னு சொல்லிக் குடுத்தார்."

"அது உங்க கூடத்து வழக்கம். இது வேற இடம்."

"வேற இடம்னா எதுக்குத் தட்டினே? எங்க கூடத்து வழக்கம் உனக்கு வலிக்கும்போது மட்டும் வேணுமா?"

செருப்புக் கடைக்காரி ஷூக் கயிற்றை இழுத்துக் கட்டினாள். விரலால் முன்பக்கத்தை அழுத்திப் பார்த்தாள்.

"இறுக்கமா இருக்கா?"

"இருக்கு. எழுதிக் குடு."

"முடியாது. எழுதினா என் பெயர் கெட்டுடும், அடுத்த சண்டையும் போயிடும். எனக்குக் கை இன்னும் முழுசா நீட்ட வரலை, மேல் தட்டுல இருந்து பெட்டி எடுக்க முடியலை. நீ விடலைன்னா உடைஞ்சிருக்கும். அது தெரியும். அதுக்கு நன்றி."

"அந்த நன்றியை எழுதிக் குடு!"

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "மேடத்துக்கு எட்டாம் நம்பர் காட்டும்மா" என்றார். உடும்பு ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தாள். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் தன் செருப்பை மாட்ட இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது.

எழுத்து கிடைக்கவில்லை என்று தெரிந்ததும் அமைப்பாளருக்கு வேறொரு யோசனை பிறந்தது. அதை நேராக அவளிடம் சொல்லாமல் மாஸ்டரிடம் சொன்னார். ஒரு சின்ன வீடியோ வேண்டும். பயிற்சியில் யாரோ தட்டுகிறார்கள், உடும்பு விடவில்லை. தட்டத் தட்ட விடவில்லை. கீழே, 'இனி விடமாட்டேன்' என்று ஒரு வரி. ஜனங்கள் பார்ப்பார்கள், பகிர்வார்கள், இரண்டாவது சண்டைக்கு அவளைப் போட அவருக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.

"ரெண்டே செகண்ட்" என்றார் மாஸ்டர். "நடிப்புதான்."

தட்ட வேண்டியவர் தபால்காரர். ஒன்பது வருடமாக அவள் அதிகம் பழகியது அவரோடுதான். "என் முழங்கைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்று சிரித்தார், பிறகு கூடத்து மெத்தை விரிப்பில் படுத்துக்கொண்டார். மாஸ்டர் செல்போனைப் பிடித்தார். அவள் பூட்டினாள். அவர் தட்டினார். அவள் விடவில்லை.

இரண்டு செகண்ட் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. முதலில் அவர் கை நடிப்பாகத் தட்டியது. பிறகு வேகமாகத் தட்டியது. பிறகு நடிப்பில்லாமல் தட்டியது. "ம்மா... தங்கச்சி" என்றார். அவள் விட்டபோது அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் கேட்டார்:

"நல்லா விழுந்துச்சா மாஸ்டர்?"

"இவ முகம் மறைஞ்சுடுச்சு. இன்னொரு தடவை எடுத்துடலாம்."

"எடுக்க வேண்டாம்" என்றாள் உடும்பு.

"முகம் தெரியலைன்னா அவர் ஒத்துக்க மாட்டார்ம்மா."

"மாஸ்டர், ஒன்பது வருஷமா என் கழுத்து இவர் கையில, இவர் கழுத்து என் கையில. ஒருநாளும் நான் பயந்துக்கிட்டு இந்த வாசல்ல நுழைஞ்சதில்லை. அங்க ஒருத்தி எனக்குப் பண்ணினதை நான் இங்க வந்து இவருக்குப் பண்றேன், நீங்க படம் பிடிக்கறீங்க. அவளையாவது நடுவர் பார்க்கலை. நீங்க பார்த்துக்கிட்டே நிக்கறீங்களே!"

மாஸ்டர் செல்போனைக் கீழே இறக்கினார். "உனக்காகத்தான்" என்றார், ஆனால் குரலில் பலமில்லை. அவள் அதை வாங்கி, வீடியோவை அவர் கண்முன்னே அழித்தாள். அங்கிருந்தே அமைப்பாளருக்குப் போன் போட்டு, வீடியோ கிடையாது என்றாள். "சரிம்மா, பார்க்கலாம்" என்றார் அவர். அப்படிச் சொன்னால் இனி பார்க்கப் போவதில்லை என்று அர்த்தம்.

தபால்காரர் ஒரு வாரம் வரவில்லை. வந்தபோது வழக்கம்போல முதலில் அவளோடுதான் இறங்கினார். வழக்கம்போல ஜோக் அடித்தார். அவள் அவர் கையைப் பிடித்து, பூட்டுப் போடுவதற்காகக் காலைத் தூக்கினாள். தட்டிவிட்டார். பூட்டு விழவே இல்லை. அதற்குள் தட்டிவிட்டார்.

"பழக்கதோஷம்" என்றார் வெட்கத்தோடு.

அது பழக்கதோஷம் இல்லை என்று இருவருக்கும் தெரியும். அன்று அவள் தன்மேல் பட்ட அளவு ஆத்திரம், அதுவரை நடுவர் மேலும் பட்டதில்லை, செருப்புக் கடைக்காரி மேலும் பட்டதில்லை.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "கூண்டுல தட்டினா விடவும் முடியாது, விடாம உடைக்கவும் என்னால முடியாது. நடுவுல ஒண்ணு இருக்கணும். நீங்க தட்டின இடத்துலயே நான் நின்னுடறேன். அதுக்கு மேல ஒரு நூல்கூட இழுக்க மாட்டேன். ஆனா பிடியைத் தளர்த்தவும் மாட்டேன். நீங்க தப்பிக்கப் பாருங்க."

"தப்பிச்சுட்டா?"

"மூக்குல குத்துங்க."

அவர் சிரித்தார். பிறகு கையைக் கொடுத்தார்.

கேட்க எளிது, செய்யக் கஷ்டம். ஒரு நூல் கூடினால் முழங்கை வலிக்கும், ஒரு நூல் குறைந்தால் அவர் உருவிக்கொண்டு போய்விடுவார். முதல் மூன்று வாரம் உடும்புக்கு மூக்கில் நிறைய விழுந்தது. தபால்காரர் சொன்னபடி செய்கிறவர். மாஸ்டர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் கேட்காமலே விரிப்பில் இறங்கி, நடுவர் போல அவர்களைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். வேண்டுமென்றே தப்பான பக்கம் நிற்பார், வேறெங்கோ பார்ப்பார். அவர் கை மேலே படும்வரை அவள் அப்படியே இருக்க வேண்டும். ஆறாவது வாரமோ என்னவோ, தபால்காரர் பழையபடி பூட்டு நன்றாக விழுந்த பிறகு தட்டத் தொடங்கினார். கூண்டில் இடம் போய்விட்டது, கூடமாவது மிச்சம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அமைப்பாளரின் போன் வந்தது.

"சாம்பியன்! எப்படி இருக்கீங்க?" 'நீங்க' திரும்பி வந்திருந்தது. அடுத்த நிகழ்ச்சிக்குப் போட்டிருந்த ஒருத்திக்குக் கால் முறிந்துவிட்டது, பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது, அந்த எடையில் வேறு ஆள் இல்லை. "இதுதான் கடைசி வாய்ப்பு. ஜெயிச்சா மூணாவதும் உறுதி. இதுலயும் தோத்தா நானே நினைச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

"வீடியோ எடுக்க மாட்டேன்."

"யார் கேட்டா வீடியோ? வந்து நின்னா போதும்."

இந்த முறையும் மதியம், முதல் சண்டை, பாதி நாற்காலி காலி. அதே நடுவர். எதிராளி நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவள். இருபத்து மூன்று வயது, நீளமான கைகள், இதுதான் முதல் சண்டை. அந்தக் கைகள் உடும்பை நெருங்கவிடவில்லை. முதல் சுற்று முழுவதும் குத்து, இரண்டாவதிலும் பாதி வரை குத்து. இடது புருவம் கிழிந்தது. கூட்டத்தில் ஒருவன், "உடும்பு, ஓட்டுக்குள்ள போயிடு!" என்று கத்தினான். ஓட்டுக்குள் போவது ஆமை என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு நீளக் குத்து தலைக்கு மேல் தப்பிப் போனது. அவள் அடியில் புகுந்தாள். இரண்டு பேரும் விழுந்தார்கள். எழுவதற்குள் அவள் கால் எதிராளியின் மார்பின் மேல் இருந்தது, அந்த நீளக் கை அவள் இரு கைக்குள் இருந்தது.

நீச்சல்காரி தட்டினாள். இடுப்பில், நடுவர் பார்க்காத பக்கத்தில். வேண்டுமென்று இல்லை, அவளுக்குக் கை எட்டிய இடம் அது.

உடும்பு பூட்டை அந்த இடத்திலேயே நிறுத்தினாள். இழுக்கவுமில்லை, விடவுமில்லை.

"தட்டிட்டா! இந்தப் பக்கம் வந்து பாருங்க!" என்று கத்தினாள். நடுவருக்கு அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை. நீச்சல்காரி இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு விசும்பலாக மாறியது. தட்டியும் விடாதவள் கையை உடைக்கத்தான் போகிறாள் என்று நினைத்திருப்பாள். வேறு என்ன நினைப்பாள்? உடும்பு குனிந்தாள்.

"பயப்படாதே. இதுக்கு மேல இழுக்க மாட்டேன். அவர் வர வரைக்கும் அசையாதே."

விசும்பல் நின்றது. இரண்டு பேரும் அப்படியே கிடந்தார்கள். உடும்பு மறுபடி கத்தினாள். நடுவர் சுற்றி வந்தார், குனிந்தார், தட்டும் கையைப் பார்த்தார். அவர் கை உடும்பின் தோளில் விழுந்தது. அவள் விட்டாள்.

அரங்கம் எழுந்து கத்தியது. உடும்பு ஜெயித்துவிட்டாள், மூன்றாவது சண்டை உறுதி. பளபளக்கும் கோட்டுப் போட்ட அறிவிப்பாளர் மைக்கோடு கூண்டுக்குள் ஓடிவந்தார்.

"போன தடவை இரக்கப்பட்டுத் தோத்தீங்க. இந்தத் தடவை அந்தப் பொண்ணு தட்டத் தட்ட விடலையே! ஈவு இரக்கமே பார்க்கலை! எப்படி இருக்கு, சாம்பியன்?"

உடும்பு மைக்கின் பக்கம் குனிந்தாள். "நான் போன தடவை இரக்கப்படலை. அவ தட்டினா, நான் விட்டேன். இப்பவும் நான்..." என்று ஆரம்பித்தாள்.

"பார்த்தீங்களா கோபத்தை! இதுதான் எங்களுக்கு வேணும்!" அறிவிப்பாளர் மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் மைக் இல்லாமலே சொல்லி முடித்தாள். முன்வரிசையில் ஒருவர் அவள் வாயசைவைப் பார்த்துக் கைதட்டினார்.

கூண்டுக்குப் பின்னால் ஒரு திரை, திரைக்குப் பின்னால் குறுகலான நடை. அங்கே ஒரு பெஞ்சில் நீச்சல்காரி முழங்கையில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உடும்பைப் பார்த்ததும் எழுந்தாள்.

"அக்கா, கை நல்லா இருக்கு. நீங்க இழுக்கவே இல்லை. நீங்க சொன்னதுக்கு அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது."

புருவத்தில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே உடும்பு அவளைப் பார்த்தாள்.

"இதை அங்க சொல்லியிருக்கக்கூடாதா? நான் உன்னை உடைக்க வந்தேன்னு அந்த ஆள் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கான்."

"என்கிட்ட யாரும் மைக்கை நீட்டலையே. தோத்தவங்ககிட்ட நீட்ட மாட்டாங்களாம்."

திரைக்கு அந்தப் பக்கம் அறிவிப்பாளர் அடுத்த சண்டைக்கான பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் நின்ற அமைப்பாளர் இவர்களைப் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாகப் போகிறது என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

உடும்பு நீச்சல்காரியின் நல்ல கையைப் பிடித்தாள்.

"வா."

"எங்க, அக்கா?"

அவள் திரையை விலக்கினாள், மூன்று படி ஏறினாள். "இப்ப வேண்டாம்மா, அப்புறம்!" என்று அமைப்பாளர் பின்னாலேயே ஓடிவந்தார். உடும்பு கூண்டின் வாசலில் நின்று, அறிவிப்பாளர் ஒரு பெயரின் பாதியில் இருக்கும்போதே, அவர் மைக் பிடித்திருந்த மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இதைக் குடுங்க. எனக்கில்லை. இவளுக்கு."